வெந்நீர் ஊற்றில் மணி பார்ப்பது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். பாதிச் சிங்கப்பூர் அங்கே காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். முழங்கால் வலிக்கு மருந்து தேடி வந்த சீனப் பாட்டிகள், கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் திருநீறோடு வந்த தாத்தாக்கள், சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்த இளைஞர்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள். பெரும்பாலான பைகளில் ஒரு துண்டு இருக்கும். கூடவே ஒரு முட்டைப் பெட்டியும் இருக்கும்.

ஆமாம், முட்டைதான். நிலத்துக்கு அடியிலிருந்து சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும் தண்ணீரில் முட்டை வேக வைப்பது இந்தப் பூங்காவின் பெரிய விளையாட்டு. குழாயைத் திறந்து வாளியில் வெந்நீரைப் பிடித்து, முட்டைகளை மெதுவாக இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 70 டிகிரியில் மஞ்சள் கரு இறுகும். வெள்ளைக் கரு முழுதாக இறுக இன்னும் அதிகச் சூடு தேவை என்பதால், அது தயிர் போலக் குழைந்து நிற்கும். இடையில் தண்ணீர் ஆறினால் மாற்ற வேண்டும். எப்படியும் அரை மணி நேரம் ஆகிவிடும்.

அரை மணி நேரம் என்றால் மணி பார்க்க வேண்டுமே! ஆவி பறக்கும் வாளிக்கு மேலே கையை நீட்டி, முட்டையைக் கரண்டியால் புரட்டிக்கொண்டே எல்லோரும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இந்த ஊற்றில் கைக்கடிகாரத்துக்கு ஆகாத இடம் எதுவோ, சரியாக அங்கேதான் எல்லோருக்கும் நேரம் தேவைப்படுகிறது.

கம்பத்துக் கிணறு முதல் பூங்கா வரை

கேம்பஸ் அவென்யூவிலிருந்து உள்ளே நடந்தால் சில நிமிடங்களில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று கண்ணில் படும். இந்த இடத்தின் வயதைச் சொல்வது அதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊற்று வெளியுலகுக்குத் தெரியவந்தது. நிலம் அப்போது சியா எங் கியோங் என்ற வணிகரிடம் இருந்தது. சுற்றியிருந்த கிராமத்தின் பெயரே கம்போங் ஆயர் பானாஸ், அதாவது வெந்நீர்க் கம்பம். 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்தத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இங்கே குளியல் தொட்டிகள் கட்டப்பட்டன. பிறகு குண்டு விழுந்தது. 1980களில் நிலம் தற்காப்பு அமைச்சின் கைக்குப் போனது. மக்கள் கேட்டுக்கொண்டதால் 2002ல் கதவு மறுபடி திறந்தது. தேசிய பூங்காக் கழகம் இடத்தை விரிவாக்கிச் சீரமைத்து, 2020 ஜனவரியில் இப்போதிருக்கும் பூங்காவைத் திறந்தது.

இந்த வட்டாரம் நமக்கும் அந்நியமானதல்ல. பிரிட்டிஷ் கடற்படைத் தளம் செம்பவாங்கில் இயங்கிய காலத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் இங்கே வேலை பார்த்தார்கள். அவர்கள் வழிபடத் தொடங்கிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூனில், இந்தப் பூங்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் இருக்கிறது. முருகனைக் கும்பிட்டுவிட்டு வெந்நீரில் காலை வைக்க வரும் குடும்பங்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம்.

பூங்காவின் மையத்தில் இருப்பது படிப்படியாக இறங்கும் தொட்டிகள். மேல் தொட்டியில் தண்ணீர் 70 டிகிரி. ஒவ்வொரு படியாக வழிந்து இறங்கும்போது ஆறி, கடைசித் தொட்டிக்கு வரும்போது சுமார் 40 டிகிரி. மக்கள் காலை வைப்பது அந்தக் கீழ்த்தட்டுகளில்தான். கைக்கடிகாரக் கதைக்கும் அந்த 40 என்ற எண் முக்கியம்.

50 மீட்டர் என்றால் என்ன?

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டுகளைக் கவனித்தால் நல்ல பொழுதுபோக்கு. பெரியவர்கள் கையில் பழைய சீக்கோ, சிட்டிசன். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட தங்க நிறக் கடிகாரத்தை இன்றும் கழற்றாத மாப்பிள்ளைகள் உண்டு. இளைஞர்களிடம் ஸ்மார்ட்வாட்ச். "தண்ணியில போடலாமா?" என்று யாராவது கேட்டால், "50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்ங்க, நீச்சல் குளத்துலயே போடுறேன்" என்று பதில் வரும்.

அந்த 50 மீட்டர் சொல்வது அழுத்தத்தைப் பற்றி. அசையாத தண்ணீர் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் கடிகாரம் தாங்கும் என்று அறை வெப்பநிலையை ஒட்டிய நீரில் சோதித்துப் பார்த்த கணக்கு அது. சூட்டுக்கும் சோதனை உண்டு. முக்குளிப்போர் அணியும் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரநிலைப்படி, கடிகாரத்தை 40 டிகிரி நீரில் 10 நிமிடம், பிறகு 5 டிகிரி நீரில் 10 நிமிடம், மறுபடி 40 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள்.

கவனியுங்கள். கடலடிக்குப் போகும் கடிகாரத்துக்கு இந்தச் சோதனையில் கொடுக்கப்படும் சூடே 40 டிகிரிதான். அதுவும் புதுக் கடிகாரத்துக்கு, பத்துப் பத்து நிமிடம். செம்பவாங்கில் நாம் ஆறிய தண்ணீர் என்று நம்பிக் காலையும் கையையும் விடும் தொட்டி அதே 40 டிகிரி. முட்டை வாளி அதற்கும் 30 டிகிரி மேலே.

தண்ணீர் புகாத கைக்கடிகாரத்தின் புகழ் குளிர்ந்த நீரில் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரோலெக்ஸ் நிறுவனம் 1926ல் ஆய்ஸ்டர் என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். பத்து மணி நேரத்துக்கும் மேல் நீந்தினார். குளிர் தாங்காமல் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உலகமே வியந்தது. ஆனால் அது உறைய வைக்கும் கடல். வெந்நீரும் நீராவியும் வேறு பரீட்சை.

ஆவி எப்படி உள்ளே போகிறது?

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சந்தில் சின்னக் கடை வைத்து, பல ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பேட்டரி மாற்றப் போனபோது இதைக் கேட்டேன். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"இங்க பாரும்மா, தண்ணி திருடன் மாதிரி. கதவு சாத்தியிருந்தா வெளிய நிப்பான். ஆவி அப்படி இல்ல. புகை மாதிரி, சந்து கிடைச்சா போதும்."

கடிகாரத்தில் தண்ணீரைத் தடுப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள். பின்மூடிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சாவி கொடுக்கும் திருகுக்கு ஒன்று. அவர் அதை வாஷர் என்கிறார். நீர்த்துளிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் நுண்ணிய இடைவெளியில் எளிதில் நுழையாது. ஆவியாக மாறிய நீருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. தனித்தனி மூலக்கூறாக அலையும். ரப்பரே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியைக் கசியவிடும் பொருள்தான். சூடு ஏற ஏற அந்தக் கசிவு வேகமாகும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. எஃகு, கண்ணாடி, ரப்பர் மூன்றும் சூட்டில் ஒரே அளவு விரியாது. பல ஆண்டுகள் வெயிலும் வியர்வையும் பட்டு இறுகிப்போன வாஷர் இந்த விரிதலுக்கும் சுருங்குதலுக்கும் ஈடுகொடுக்காது. சோப்பு நுரை பட்டால் இன்னும் மோசம். நீர்த்துளியின் பிடிப்பைச் சோப்பு தளர்த்திவிடுகிறது. அதனால்தான் நீச்சல் குளத்தில் தப்பித்த கடிகாரம் வீட்டுக் குளியலறையின் வெந்நீர் ஷவரில் மாட்டிக்கொள்கிறது.

எனக்கு வியப்பாக இருந்தது அடுத்து அவர் சொன்னதுதான். "ஊத்துல இருக்கறப்போ ஒண்ணும் தெரியாதும்மா. பஸ்ல ஏறுவாங்க பாரு, அங்கதான் கண்ணாடி மங்கும்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 50 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் அதில் பாதியைக்கூடத் தாங்காது. வெந்நீரில் சூடான கடிகாரத்துக்குள் கொஞ்சம் ஈரம் புகுந்திருந்தால், வெளியே வரும்வரை அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவே இருக்கும். குளிரூட்டிய பேருந்தில் ஏறியதும் கண்ணாடி முதலில் குளிரும். உள்ளே இருக்கும் ஆவி அதன் அடிப்பக்கத்தில் பனியாகப் படியும். அதே நேரத்தில் கடிகாரத்துக்குள் இருக்கும் காற்றும் ஆறும். 40லிருந்து 25 டிகிரிக்கு இறங்கும்போது உள்ளழுத்தம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு குறையும். வாஷர் தளர்ந்திருந்தால், குறைந்த அழுத்தம் வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சானாவிலிருந்து நேராகக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் குதிப்பவர்களின் கடிகாரத்துக்கு நடப்பதும் இதுதான், இன்னும் கடுமையாக.

ஒரு தடவை போட்டால் உடனே கெட்டுவிடுமா? புதுக் கடிகாரம் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆபத்து பழக்கத்தில் இருக்கிறது. கொண்டோவில் வாரம் மூன்று நாள் நீராவி அறை, தினமும் வெந்நீர்க் குளியல், விடுமுறைக்கு வெந்நீர் ஊற்று என்று போனால், வாஷர் எப்போது விட்டுக்கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் முள்ளின் ஓரத்தில் துரு தெரியும்போதுதான் தெரியும். நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. சளி பிடித்தால் போர்வையை மூடி ஆவி பிடிக்கிறோம். சோறு வடிக்கிறோம், இட்லிப் பானையைத் திறக்கிறோம். கையில் கடிகாரம் கட்டியபடியே.

ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் கவலையில்லை என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. சானாவிலும் நீராவி அறையிலும் அணிய வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. அதன் வழக்கமான மாடல்கள் வேலை செய்வதற்கான வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. செம்பவாங்கின் ஆறிய தொட்டியே அதைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் நேரத்தை யார் பார்ப்பது?

கேள்வி முட்டையோடு முடிவதில்லை. வெந்நீரில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்பது உடம்புக்கு முக்கியம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரியும், இரத்த அழுத்தம் இறங்கும். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கால் வெந்துகொண்டிருப்பதே தெரியாமல் போகலாம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படிப்பட்டவர்களும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவதே நல்லது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் கையால், அல்லது உடன் வந்தவரின் கையால் பார்க்க வேண்டும்.

"அப்பாவோட இதயத்துடிப்பைப் பார்க்கத்தான் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், அதைக் கழற்றச் சொல்றீங்களே" என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கடிகாரம் அப்பாவுக்கு மற்ற இருபத்து மூன்றரை மணி நேரமும் வேண்டும். வெந்நீரில் அரை மணிநேரம் அதைக் காப்பாற்றினால்தான் மிச்ச நேரம் அது அப்பாவைப் பார்த்துக்கொள்ளும். அந்த அரை மணிக்குப் பக்கத்தில் நீ உட்கார் என்றேன்.

வெந்நீரோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஃபின்லாந்து சானாக்களில் சுவரில் மணல் கடிகாரம் மாட்டியிருப்பார்கள். திருப்பிவிட்டால் கால் மணிநேரத்தில் மணல் இறங்கி முடியும். சூட்டில் கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை. ஜப்பானிய சானாக்களின் சுவரில் வேறொரு கடிகாரம் இருக்கும். அதில் ஒரு முள் 12 நிமிடத்தில் ஒரு சுற்று வரும். உள்ளே வந்தபோது முள் எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஜப்பானின் குன்மா மாநிலத்தில் இருக்கும் குசாட்சு என்ற மலையூரில் இருந்தது. அங்கே ஊற்றுநீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. கடிகாரத்தை மட்டுமல்ல, நகைகளையும் கழற்றிவிட வேண்டும். அங்கே ஜிகான்யு என்று ஒரு மரபு இருந்தது. சொல்லுக்குப் பொருள் நேரக் குளியல். முதலில் நீண்ட மரப் பலகைகளால் தண்ணீரைக் கிளறி ஆற்றுவார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக 48 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் இறங்குவார்கள். மூன்றே நிமிடம். குளியல் தலைவர் ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்ல, தொட்டிக்குள் இருப்பவர்கள் ஒரே குரலில் பதில் கொடுப்பார்கள். குரல் வந்தால் எல்லோரும் நலம் என்று பொருள். நேரமும் தெரிந்துவிடும், ஆட்களும் எண்ணப்பட்டுவிடுவார்கள்.

வானொலியில் நேரம் சொல்வதே தொழிலாக இருப்பவளுக்கு இதைப் படித்தபோது ஒரு மகிழ்ச்சி. எந்த உயர்ந்த கடிகாரமும் "இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டுப் பதிலை எதிர்பார்ப்பதில்லை. குரல் கேட்கும்.

செம்பவாங்கில் குளியல் தலைவர் கிடையாது. ஆனால் போன முறை அங்கே ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். தாத்தா தொட்டியில் காலை விட்டிருந்தார். எட்டு வயது இருக்கும் பேத்தி, அவருடைய கடிகாரத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி மரநிழலில் நின்றாள். "தாத்தா, அஞ்சு நிமிஷம்!" என்றாள். "சரி கண்ணு!" என்றார். "தாத்தா, எட்டு!" என்றாள். "சரி, சரி!" பத்தாவது நிமிடம் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அவர் பக்கத்தில் இருந்த சீன முதியவரிடம் மலாயில் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். பேத்தி ஓடிப்போய்த் தோளைத் தட்டி எழுப்பிவிட்டாள். அவர் மெதுவாக எழுந்து, கைப்பிடியைப் பிடித்துச் சிறிது நேரம் நின்றுவிட்டுப் பிறகுதான் நடந்தார்.

போவதற்கு முன்

கடிகாரத்தைப் பூங்காவுக்கு வந்தபின் கழற்றுவதைவிட, வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது மேல். கொண்டுவந்தால் ஜிப் வைத்த பையில், துண்டுக்குள் சுற்றி, வாளியிலிருந்து தள்ளி வையுங்கள். வெந்த முட்டைகளோடு ஒரே பையில் போடாதீர்கள்.

கண்ணாடி உள்பக்கம் மங்கிவிட்டதா? முடியை உலர்த்தும் கருவியால் சூடேற்றாதீர்கள். அந்தச் சூடு ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிப் பானைக்குள் புதைப்பதாலும் பயனில்லை. மூடிய கடிகாரத்துக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது. திருகை வெளியே இழுக்காமல், கூடிய விரைவில் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பின்மூடியைத் திறந்து உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நாள் கடந்தால் துரு பிடிக்கும்.

பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் வாஷரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீர் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பின்மூடியை ஒருமுறை திறந்துவிட்டாலே, கடிகாரத்தின் பின்னால் பொறித்திருக்கும் 50 மீட்டர் என்ற வாக்குறுதியை மறுபடி சோதித்துத்தான் நம்ப வேண்டும். அப்பா கட்டியது, மாமனார் போட்டது என்று வீட்டில் இருக்கும் பழைய கடிகாரங்களைத் தண்ணீரே படாத பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பூங்கா தினமும் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். காலை வேளையில் போனால் வெயில் குறைவு. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் பாதை உண்டு. முட்டை, துண்டு, குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கூடவே, கரையில் நின்று நிமிடத்தை உரக்கச் சொல்ல ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.